பாலெங்கே

உலகம் முடிய ஒரு நாள் இருந்தது.
கல்லடியில் மூன்றாம் நாளாக மழை.
கடைகளில் மெழுகுதிரி தீர்ந்துவிட்டது;
பிரளயத்துக்கென்று வாங்கினார்களோ
கரண்ட் போகுமென்று வாங்கினார்களோ, தெரியாது.

பூபாலரெத்தினம் சாரனை மடித்துக் கட்டி
சொப்பிங் பேக்கில் சுற்றிய ஒரு தாளோடு
என் போட்டோக்கொப்பிக் கடைக்குள் ஏறினார்.
நில அளவைத் திணைக்களத்தில்
இருபத்தாறு வருடம் சங்கிலி இழுத்தவர்.
"நாப்பது கொப்பி, புள்ள.
நாளைக்குப் பிறகு தேவைப்படாது."

மெக்சிக்கோக் காட்டுக்குள் ஒரு கல் நகரம்.
அதன் அரசன் பெயர் பகல்.
"பகல்! விளங்குதா?
சூரியனைக் கும்பிட்டவனுக்குப் பகலெண்டு
பேர் வச்சது ஆர்?
மயன் கா, நம்மட மயன்.
கோயில் கட்ட வந்த ஆள் கடல் தாண்டிப் போயிட்டான்."
நகரத்தின் பெயர் பலெங்கே.
அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்,
அதை மட்டும் தாளில் எழுதவில்லை.

நடுவில் படம். அரசனின் கல்லறை மூடி:
மல்லாந்து சாய்ந்த ஒருவன்,
மடங்கிய முழங்கால்,
கை எதையோ பிடித்திருக்கிறது,
கீழே நெருப்பு.
அம்புக்குறி போட்டு "ராக்கெட்" என்று எழுதியிருந்தார்.

டோனர் கொண்டுவந்த காத்தான்குடி இஸ்ஸதீன்
தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
"ராக்கெட்டில்ல அண்ணன், தண்ணி மோட்டர்.
இந்தா புட் வால்வு.
ஆள் கயிறிழுத்து ஸ்டார்ட் பண்ணுறார்."
சிரித்தோம். அவரும்தான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
அவர் கொண்டுவந்தது கொப்பியின் கொப்பியின் கொப்பி.
கண்ணாடியில் கவிழும் ஒவ்வொரு முறையும்
கறுப்பு இன்னும் கறுக்கும்,
இலை தீயாகும், வேர் புகையாகும்.
அரசனுக்கு முகம் எப்போதோ போய்விட்டது.
இப்படித்தான் ஒரு மனிதன்
வானத்துக்குப் போய்ச் சேருகிறான் என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.

இருபத்துமூன்றாவதில் கரண்ட் போனது.
இஸ்ஸதீனும் போய்விட்டார்.
வாவிக்குள் புதுப் பாலத்தின் தூண்கள் நனைந்து நின்றன.
பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பஸ் ஊர்ந்தது.
"பூரணைக்கு இன்னும் ஒரு கிழமை," என்றேன்,
எதையாவது சொல்லவேண்டுமென்று.
"மீன் பாடுறது கேட்டிருக்கிறீங்களா?"
"துடுப்பக் காதில வச்சுக் கேட்டிருக்கன். முந்தி.
இப்ப தண்ணிக்குக் காது குடுக்கிறல்ல."

தகரத்தில் மழை.
பிறகு இருட்டுக்குள்ளிருந்து:
"பலெங்கே எண்டா, பாலம் எங்க.
அவ்வளவுதான்."

எட்டு வருடத்துக்கு முதல், நாவலடியில்,
கடல் எழுந்து வந்து
வாவியோடு சேர்ந்துகொண்ட காலையில்
ஒரு சவுக்கு மரத்தில் மல்லாந்து
முழங்கால் மடித்து
ஒரு கையால் கிளையை
மறு கையால்
(மறு கையைப் பற்றி அவர் சொல்லவில்லை)
பிடித்துக்கொண்டு
எல்லாப் பக்கமும் கேட்டாராம்.
ஊர் ஊராய் நிலமளந்தவருக்கு
கிழக்கு எது, மேற்கு எது,
ஒன்றும் தெரியவில்லையாம்.

கரண்ட் வந்தது. மெசின் இருமியது.
மீதிப் பதினேழையும் அடித்துக் கொடுத்தேன்.
காசை எண்ணி வைத்தார், சரியாக.

மறுநாள் வழக்கம்போல் விடிந்தது.
வீதியில் முழங்கால் வெள்ளம்,
பாண் வண்டி மட்டும் வரவில்லை.
பின்னேரம் நாற்பது தாளோடும் திரும்பி வந்தார்.
"மதிலெல்லாம் ஈரம். ஒட்டேலாது.
பின்பக்கம் வெள்ளைதானே, பாவியுங்க."

அதில்தான் நெடுநாளாகக் கணக்கு எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு மூன்று தாள் இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது.
காசு கொடுக்க வந்த யாராவது திருப்பிப் பார்த்து
"என்ன இது, ராக்கெட்டா?" என்று கேட்டால்
ஓம் என்கிறேன்.