சக, சய

நெல்வெட்டும் மெஷின் ரோட்டால் போகிறது.
மேசையில் கோடுகள் நடுங்கிக் கலைகின்றன.
"பொறுங்க, அது போகட்டும்" என்கிறா றிஸ்மினா மிஸ்.

ஒரு சிவப்பு லேசர்,
பெருவிரல் நகமளவு கண்ணாடிக் கட்டி.
பாதியை விடும், பாதியைத் திருப்பும்.
இரண்டு வழியால் போன வெளிச்சம்
சுற்றி வந்து தன்னோடு தானே மோதி
கறுப்பு, சிவப்பு, கறுப்பு.
வெளிச்சமும் வெளிச்சமும் சேர்ந்து இருட்டாவதைப்
பிள்ளைகள் போனில் படம் எடுக்கிறார்கள்.
படத்தில் வெறும் சிவப்புக் கறை.

நான் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருகிறவன்.
இந்த ஆய்வுகூடத்தின் திருகாணிகள் என் பொறுப்பு.

அடுத்த சோதனைக்கு எங்களிடம் கருவி இல்லை.
வெளிச்சத்தை ஒவ்வொன்றாய் எண்ணுகிற கருவியின் விலைக்குச்
சம்மாந்துறையில் ஒரு வெட்டு மெஷினே வாங்கலாம்.
ஆகவே சோக்கால் செய்கிறா:

இரண்டு ஃபோட்டோன்.
ஒன்று இந்தப் பக்கத்தால், ஒன்று அந்தப் பக்கத்தால்,
ஒரே கணத்தில் கண்ணாடிக்கு வருகின்றன.
இரண்டும் ஊடுருவினால், ஆளுக்கொரு திசை.
இரண்டும் தெறித்தாலும், ஆளுக்கொரு திசை.
முதலாவதுக்குச் சக. மற்றதுக்குச் சய.
கோடு போட்டு வெட்டுகிறா.
பிரிவதற்கு இருந்தவை இரண்டே வழி,
அவை ஒன்றையொன்று தின்றுவிட்டன.
மிச்சம்:
இரண்டும் இங்கே,
அல்லது இரண்டும் அங்கே.

"லேசருக்கும் இப்படித்தானா மிஸ்?"
பின்வாங்கிலிருந்து துஷ்யாழினி.
"பாதிவரை குறையும். பூச்சியத்துக்கு இறங்காது."
"இதுமட்டும் ஏன் இறங்குது?"
"எது எது என்று தெரியாததால.
நிறத்தில, நேரத்தில, வந்த சாய்வில
ஒரு சின்ன அடையாளமும் இருக்கக் கூடாது.
ஆரும் கேக்கத் தேவையில்ல.
கேட்டால் சொல்லலாம் என்ற நிலை இருந்தாலே
பிரிஞ்சிடும்."

சோக்கைக் கீழே வைக்கிறா.
நான் திருகாணியைப் பார்க்கிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது.
கல்முனை பஸ்ஸை மறித்து
பெயரைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது.
பெயர் போதும்.
நீ இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம்.
எந்த வரிசை வீட்டுக்குப் போனது என்பது
அன்றன்றைக்கு மாறும்.
அவவின் வீட்டில் யார் திரும்பவில்லை என்று
நான் கேட்டதில்லை. அவவும்.

"சுபஹுக்குப் பிறகு ரோட்டில சத்தமில்ல.
நாளைக்கு ஆறு மணிக்கு வருவீங்களா கிருபை அண்ணன்?
கோடு அசையாமல் ஒருக்கா அளக்கோணும்."

அண்ணனில்லை, மூன்று மாதம் இளையவன்.
"வாறன்" என்கிறேன்.

வெளியே இன்னொரு மெஷின்.
மேசைக் காலுக்கடியில்
மடித்த சாக்கை வைத்துப் பார்க்கிறேன்.