வெளுத்த சீட்டு

ஹிடாகாவில் ஏப்ரல் என்றால் பாதி பனி, பாதி சேறு.
வெயில் குதிரைக்கொம்பு.
பத்து மணிப் பேருந்திலிருந்து குடைகளோடு இறங்குகிறார்கள்.
வாளியை வைத்துவிட்டு வேலியருகே போய் நின்று
வழக்கமானதைச் சொல்கிறேன்:
தொடக்கூடாது, ஃப்ளாஷ் கூடாது,
சர்க்கரைக் கட்டி கூடவே கூடாது.

அவர்கள் பார்க்க வந்தது யுகினோதாய்கோவை.
பனி முரசு என்று பொருள். வயது இருபத்தேழு.
நடுமுதுகு பழைய கயிற்றுக் கட்டிலாகத் தொய்ந்துவிட்டது,
கீழுதடு தொங்குகிறது,
பல் போன வாய்க்கு வைக்கோலை
வெந்நீரில் ஊறவைத்துத் தருகிறேன்.

இதுதான் அன்று மழையில்
கடைசி வளைவில் பதினேழாவதாகக் கிடந்து
ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்ததாம்.
மூக்கு நுனியளவு வித்தியாசம்.
புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
பலகையில் எண்ணை ஏற்றப் பதினோரு நிமிடம் ஆயிற்று.
ஓட்டம் இரண்டரை நிமிடம்கூட இல்லை;
எல்லோரும் என்னிடம் பேசுவதோ
அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றி.
ஒருவர் அப்போது அறுவை அறைக்கு வெளியே இருந்தார்.
ஒருத்தி தாங்க முடியாமல் வானொலியை அணைத்துவிட்டாள்,
மறுநாள் செய்தித்தாள் வரும்வரை
யாரையும் பேசவிடவில்லை.

எனக்கு அன்று இரண்டு வயது.
இந்தக் குதிரை ஓடி நான் பார்த்ததே இல்லை.

அமகாசாகி இரும்பாலையில் வேலை பார்த்த செனோ
வருடா வருடம் வருவார்.
நெஞ்சுப் பையில் ஆயிரம் யென் சீட்டு,
ஜெயித்த சீட்டு, மாற்றாத சீட்டு.
எண்பத்துநாலாயிரம் கிடைத்திருக்கும்.
அந்த மாதம் வாடகை பாக்கி வேறு.
அறுபது நாள் கெடுவையும் தாண்டவிட்டார்.
"கொடுத்திருந்தால் பணம்தானே வந்திருக்கும்?"

இந்த முறை சீட்டை என் கையில் வைத்து
எண் தெரிகிறதா என்று கேட்டார்.
மை முழுக்கப் போய்விட்டது. வெறும் தாள்.
"ஏழு," என்றேன்.
"பதிமூன்று," என்று திருத்திச் சிரித்தார்.

தாய்கோ நிதானமாக வந்து
அவர் கோட்டில் தும்மிவிட்டுத் திரும்பிப் போனது.
கோட்டை அவர் துடைக்கவில்லை.

பேருந்து ஹாரன் அடித்தபோதுதான் சொன்னார்:
"அன்று இரண்டு சீட்டு வாங்கினேன்.
இன்னொன்று தோற்றதே, அதன்மேல்.
அங்கேயே கிழித்துப் போட்டேன்.
அது இப்போது எங்கே இருக்கிறது, தெரியுமா?"

தெரியும். ஒரு குளிர்காலத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன்.
இவாத்தேயில் ஒரு சவாரிப் பள்ளிக்கு விற்றார்கள்,
பிறகு மூன்று வருடம் பெயர் வருகிறது,
பிறகு வரவில்லை.
அதைப் பார்க்க எந்தப் பேருந்தும் நின்றதில்லை.
மூக்கு நுனியளவு வித்தியாசம்.

"தெரியாது," என்றேன்.

பேருந்து போனது.
கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து
தகரத்தில் தொம்மென்று விழுந்தது.
கிழட்டுக் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன,
முன்னங்கால் ஒருமுறை சேற்றைப் பறித்தது.

அவ்வளவுதான்.
நாலு மணி வைக்கோலுக்கு வெந்நீர் வைக்கவேண்டும்.