ஒலிக்காத எழுத்துக்கும் அதே விலை

வோல்விக்கின் எரிமலைக் கல். சாம்பல் கறுப்பு.
எழுத்துக்குப் பன்னிரண்டு யூரோ.
"வாயே திறக்காத எழுத்துக்கு
எதற்குக் காசு?" என்கிறான் ரெஜிஸ்,
இறந்தவரின் மகன், கிளெர்மோனில் கணக்கர்.
உளிக்குக் காது கிடையாது என்றேன்.

அகலம் போதவில்லை.
'ஆங்கோன்சோலாப்ள்', தேற்ற முடியாதவர்கள்,
அந்தச் சொல்லை எங்காவது உடைத்தாக வேண்டும்.
நாலு அசை என்று விரல் மடக்கினான் ரெஜிஸ்.
ஐந்து என்றாள் தெற்கே ஸேத்தில் மீன் விற்கும் அக்கா;
கடைசி உயிரை அரை மாத்திரையாவது சொல்லாமல்
அவளுக்கு மூச்சு இறங்காது.
தேற்ற முடியாதவர்கள் இருவரும்
என் பட்டறையில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

உடைக்கிற விதி எளிது:
மெய் பின்தங்கி நிற்காது,
அடுத்த உயிரோடு கிளம்பிவிடும்.
'சோ'வுக்குப் பின் சிறுகோடு, 'லா' கீழ் வரிக்கு.
பென்சிலால் போட்டுக் காட்டினேன்.

அழுத்தம்தான் வீடில்லாதது.
அன்செல்ம் என்றால் 'செல்'மில் நிற்கும்.
அன்செல்ம் ஃபூர்னியூ என்றதும்
எழுந்து 'நியூ'வுக்குப் போய்விடும்.
பூலான்ழே, ரொட்டி சுடுபவர், என்று சேர்த்தால்
'ழே'யில் உட்காரும்.
முன்னால் வந்தவை எல்லாம் லேசாகிவிடும்,
பெயர், குலப்பெயர்,
நாற்பது வருட விடிகாலை மாவு.

அதுவரை வாய் திறக்காத ஸேலி
கையுறையைக் கழற்றினாள்.
"அந்தச் சொல் வேண்டாம். அவரும் நானும். போதும்."
கல்லைத் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்தாள்:
அன். செல். மே. ஸே. லீ.
கணவன் பெயரின் கடைசி மெய்
இடையில் நின்ற 'உம்'மின் மேல் ஏறிக்கொண்டு
'மே' ஆகி
அவள் பக்கம் நகர்ந்திருந்தது.
எடை முழுவதும் 'லீ'யில்.

பதினான்கு எழுத்து, மூன்று ஊமை.
ரெஜிஸ் கூட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

ஆண்டுகள் மிச்சம்.
அவருக்கு 1946, கோடு, 2021.
அவளுக்கு 1951, கோடு.
பின்னால் எவ்வளவு இடம் விடட்டும் என்றேன்.
நாலு இலக்கம் என்றாள், ரொட்டி கேட்பது மாதிரி.

அவர்கள் போனபின் வாய்விட்டு வாசித்தேன்.
அழுத்தம் விழ வேண்டிய இடத்தில்
வெறும் கல்.
அந்த நாலு விரல் அகலத்தை
இரண்டு தரம் மெருகிட்டேன்.
அதற்கு விலை போடவில்லை.