நாலேகால்

பணிக்கன்குப்பத்தில் வைகாசி வந்தால்
மூக்குக்கு வேலை அதிகம்.
மண்டி வாசலில் லாரி ஏற்றம்,
பலாப்பால் ஒட்டிய சாக்குகள்,
பேருந்தின் மூடிய ஜன்னலுக்குள்ளும் சுளை.
எல்லாம் எனக்கு வரும்.
நோய்ப்பட்ட மாட்டின் மூச்சில் எழும்
ஒரு வாசனை மட்டும் வராது.
சிலருக்குப் பிறவியிலேயே அப்படி என்று
பேராசிரியர் கைவிரித்தார்.
உடன் படித்தவர்கள் முகம் சுளித்த மாட்டிடம்
நான் வாங்கியது வெறும் சூடான காற்று.

"கன்னு போட்டு ஒம்பதாம் நாள்" என்றாள்
அஞ்சலாட்சி, போனில்.
"தவிட்டை மோந்துட்டுத் திரும்பிக்குது.
வைக்கோல் மட்டும் ரெண்டு வாய்.
வாயில பழம் மணக்குது டாக்டரம்மா.
திருட்டுத்தனமா சுளை போட்டானோன்னு
பையனைக்கூட அடிச்சிட்டேன்."

மாட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
மாசியில் கால்நடை முகாம்; அப்போது ஆறு மாசச் சினை.
வாலடியில் கை வைத்தால் பள்ளமில்லை, மெத்தை.
இடுப்பெலும்பை விரலால் தேட வேண்டியிருந்தது.
பதிவேட்டில் எழுதிக்கொண்டே சொன்னேன்: நாலேகால்.
"நாலே காலா? எல்லா மாட்டுக்கும் அதானே!"
அவள் சிரித்தாள், கூட்டம் சிரித்தது.
ஐந்துக்கு நாலேகால் என்றால் என்னவென்று
சொல்ல வாயெடுத்தேன்.
யாரோ என் கையில் ஓர் எவர்சில்வர் அண்டாவைத் திணித்தார்கள்.
சிறந்த பராமரிப்புக்குப் பரிசு.
நான்தான் கொடுத்தேன்.
போட்டோ இருக்கிறது:
மாடும் பளபள, அண்டாவும் பளபள.

பால் வற்றிய இரண்டு மாசமும்
கடலைப் புண்ணாக்கு, பலாச்சடை,
முந்திரிப்பழம், வடித்த கஞ்சி.
உள்ளே ஒரு உயிர் இருக்கிறதே என்று ஊட்டினாள்.
எப்படிக் கோபிப்பது?

உடம்பு வேறு கணக்கு எழுதுகிறது.
கொழுத்த மாட்டுக்குக் கன்று போட்டதும் பசி படுத்துவிடும்.
மடி படுக்காது.
இன்றைக்குப் பன்னிரண்டு லிட்டர், நாளைக்குப் பதினைந்து
என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.
வாய் தராததை முதுகு தரும்.
கரைந்த கொழுப்பெல்லாம் ஒரே நேரத்தில் கல்லீரலுக்கு வந்து,
இறக்க ஆளில்லாத மண்டியில் லாரிகள் மாதிரி,
வரிசையில் நிற்கும்.
அடியில் நசுங்கியது புளிக்கும்.
அதுதான் அவளுக்கு மணத்த பழம்.

தெருக்கோடியில் சிவக்கொழுந்தின் பசு இரண்டு.
விலா எலும்பை வாசலில் நின்றே எண்ணலாம்.
பாலும் கொஞ்சம்;
ஏழு மாசமாகப் பருவத்துக்கும் வரவில்லை.
நடுவில் எங்கேயோ இருக்கிறது
மூன்றும் மூன்றரையும்.
இந்த ஊரில் என் கை அதைத் தொட்டது குறைவு.

"மூத்திரம் பிடிக்கணும், ஏதாவது ஏனம் குடு."
பையன் அந்த அண்டாவையே தூக்கி வந்தான்.
வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டு.
மூக்குக்கு வராதது கண்ணுக்கு வந்தது,
கத்தரிப்பூ நிறத்தில்.

கழுத்து நரம்பில் ஊசி,
உத்தரத்துக் கொக்கியில் குளுக்கோஸ் பாட்டில்,
இரண்டு வேளையும் வாயில் ஊற்ற இனிப்பு மருந்து.
தினமும் போனேன்.
"வருதா?" என்பேன்.
மூக்கோடு மூக்கு வைத்து
"வருது" என்பாள் அஞ்சலாட்சி.
மறுநாளும் வருது.
மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம்."
நான்காம் நாள் வெகுநேரம் முகர்ந்தாள்.
தன் மூக்கை நம்பாமல் பையனைக் கூப்பிட்டாள்.
அடி வாங்கிய நாளிலிருந்து அவளோடு பேசாதவன்
மாட்டின் வாயருகே குனிந்தான்.
"புல்லு" என்றான்,
என்னிடம்.

வாலடியில் கை வைத்தேன்.
மெத்தை கொஞ்சம் இறங்கியிருந்தது.
நாலேகாலுக்கு நேரே எழுதினேன்: மூன்றே முக்கால்.
இன்னும் இறங்கும். நின்று நிதானமாக இறங்கட்டும்.

அடுத்த முகாம் ஆடியில்.
அண்டா வாங்கியாகிவிட்டதாம்,
போன தடவையைவிடப் பெரிதாக.