எடைச் சீட்டு

மூன்று விமானம் வைத்திருந்தோம்,
மூன்றுக்கும் ஆற்றின் பெயர்.

நம்பியாறு
வாடகை பாக்கிக்காக அயர்லாந்துக்குப் போயிற்று.
கடலுக்கே முக்கால் வருடம் போய்ச் சேராத ஆறு,
அவ்வளவு தூரம் போனது.
சிற்றாறு
ஐதராபாத் கொட்டகையில் ஒற்றை இன்ஜினோடு நிற்கிறது.
அதன் பிரேக், அதன் டயர், அதன் காபி பாய்லர்வரை
கழற்றிக் கொண்டுவந்து பூட்டித்தான்
மிச்சமிருக்கும் தாமிரபரணி
நாளைக்கு ஒரு நடை சென்னை போய்வருகிறது.
வற்றாத ஆறு என்று யாரோ சொன்னதற்கு
மெக்கானிக் பிச்சையா
கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"வத்தாதுன்னு எவம்டே எழுதிக் குடுத்தான்?"

என் வேலை எடைச் சீட்டு போடுவது.
ஆள் ஒன்றுக்கு எழுபத்தைந்து கிலோ,
பிள்ளைக்கு முப்பத்தைந்து.
அழுதுகொண்டு போகிறவர்களுக்கும்
அதே எழுபத்தைந்துதான்.
கருப்பட்டிச் சிப்பம், மல்லிகைக் கூடை,
உயிரோடு மீசை ஆட்டும் சிங்கி இறால் பெட்டி
எல்லாவற்றையும் கூட்டி
மூக்கும் வாலும் சமமாக நிற்க
ஒரு புள்ளி குறிப்பேன்.
அந்தப் புள்ளி கோட்டுக்குள் இருந்தால்தான்
கேப்டன் கையெழுத்துப் போடுவார்.

வண்ணாரப்பேட்டை ஆபீஸ் சுவரில் ஒரு வரைபடம்.
பறக்கும் ஊருக்குச் சிவப்பு நூல்,
பறக்கப் போகும் ஊருக்குப் பென்சில் கோடு.
போன சித்திரையில் கொழும்பு வரை ஒரு கோடு இருந்தது.
ஆவணியில் ஹூப்ளிக்கு.
இப்போது ரப்பர் தேய்த்த தடத்தில்
கடல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.
பெங்களூர் நூலை யார் அவிழ்த்தார்களோ,
குண்டூசி மட்டும் நிற்கிறது.

தை பிறந்ததும் பேச்சு கிளம்பியது.
பெரிய கம்பெனி ஒன்று பெயர் தருமாம்.
விமானம் நம்முடையது, பைலட் நம்முடையவர்,
டீசல் கடனும் சம்பள பாக்கியும் நம்முடையவை.
வால் மட்டும் அவர்கள் நிறம்.
"கடை நம்ம கடை, போர்டு அவுஹ போர்டு.
அம்புட்டுத்தானம்மா" என்றார்
டீ கொண்டுவரும் செய்யது பட்டாணி.
பதினாறு பக்கச் சுற்றறிக்கையில்
எஸ்தர் மேடத்துக்கே பிடிபடாத விஷயம்.

அவர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.
ஓடுபாதையில் மயில் நிற்பதைப் படம் எடுத்தார்கள்.
தாமிரபரணியின் வயிற்றில்
எழுத்து எத்தனை அடி என்று டேப் பிடித்தார்கள்.
யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை,
கழிப்பறை எங்கே என்பதைத் தவிர.

திரும்பும் விமானத்தில் இருபத்திரண்டே பேர்.
முன்னறை முழுக்கச் சிங்கி இறால்.
புள்ளி கோட்டை விட்டு வெளியே விழுந்தது.
நானே படியேறிப் போனேன்.
"சார், ரெண்டு பேரும் கடைசி வரிசைக்கு மாறணும்."
"யார் சொன்னது?"
சீட்டை நீட்டினேன்.
தலைகீழாகப் பிடித்துப் படித்தார் ஒருவர்.
பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு
இறாலுக்கு ஈடாகப்
பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.
வாடை பக்கவாட்டில் அடிக்க
கொஞ்சம் தத்தி, பிறகு நேராகி,
உப்பளங்களுக்கு மேலே சின்னதாகியது.

பதில் வரவில்லை. வராது என்றும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஒரு போன்.
பேச்சில் களக்காட்டு வாடை, பின்னால் சென்னை ஹாரன்.
"பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வரணும்,
எட்டு டிக்கெட். பிளேன் உண்டும்லா?"
கணினியில் எங்கள் அட்டவணை
உத்திரத்துக்கு நாலு நாள் முன்னாலேயே முடிகிறது.
அதற்குக் கீழே வெள்ளை.
"திரும்பும்போது லக்கேஜ் எவ்வளவு சார் வரும்?" என்றேன்.
"கருப்பட்டி ஒரு பதினஞ்சு கிலோ.
பொங்கச்சோத்துப் பானை ஒண்ணு."

பழைய சீட்டு ஒன்றின் முதுகில்
பென்சிலால் எழுதிக்கொண்டேன்:
ஆறு பெரியவர், இரண்டு பிள்ளை,
பானைக்கு
உத்தேசமாக மூன்று கிலோ.