தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்

இந்தப் போட்டைச் செய்தவரே,
உங்களுடைய பெயர் எனக்குத் தெரியாது.
பச்சைத் தகட்டின் ஓரத்தில் ஊர்ப்பெயர் இருந்தது,
அதையும் பல்லி எச்சம் மூடிவிட்டது.

மல்லாவியில் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறேன்.
பக்கத்தில் கதிரமலை அண்ணரின் அரிசி ஆலை.
அவர் மோட்டரைப் போட்டால்
என் கடை பல்ப் காமாலை கண்டதுபோல் மஞ்சளாகும்.
கொம்பியூட்டர் ஒருதரம் மூச்சைப் பிடிக்கும்,
பிறகு விட்டுவிடும்.
பவர் சப்ளைக்குள்
ஒரு மிடறு கரண்ட் சேர்த்துவைக்க இடம் விடுங்கோ.
நிறைய வேண்டாம்.
விதானையாரின் கடிதத்தைச் சேவ் பண்ணக் காணும்.

அடுத்தது ஃபான்.
ஏசி அறைக்குள் இருந்து கீறின ஃபான் இது.
இங்கே காற்றென்றால் பாதி கிரவல்.
டிப்பர் ஒன்று போனால்
ரோட்டில் ஒரு முழம் உள்ளே வந்துவிடும்.
மாதம் ஒருக்கால் மூடியைக் கழற்றிப்
பெயின்ற் பிரசால் கூட்டுகிறேன்.
கூட்டின மண்ணைச் சேர்த்திருந்தால்
இதற்குள் ஒரு பாத்தி மிளகாய் வைத்திருக்கலாம்.
தேத்தண்ணி வடிபோலக்
கழற்றிக் கழுவுகிற ஒரு வலை போதும்.
துவாரங்களும் கொஞ்சம் சின்னனாக இருந்தால் நல்லது.
போன மாரிக்கு ராமுக்கு அடியில்
எறும்பு முட்டை.

மூன்றுதரம் கத்தினால் ராம் என்று நான் பழகிவிட்டேன்.
பாலிநகர்ப் பள்ளிக்கூடத்தில் ஆறு பெட்டிகள்
கத்திக் கத்தியே அலுமாரிக்குப் போயின.
நோகிற இடத்திலேயே
ஒரு குஞ்சு லைட் எரியட்டும்.
விலை கூடினதில் அது இருக்கிறதாம்.
மலிந்ததில் வையுங்கோ.
மலிந்ததுதானே பழுதாகிறது.

தகர விளிம்பையும் அராவிவிடுங்கோ.
என் விரல்களில் நாலு இடத்தில்
உங்கள் கையெழுத்து இருக்கிறது.

இனி எழுதப்போவதை
முதலே எழுதியிருக்க வேண்டும்.

அந்த வட்டப் பட்டறி.
ரூபாய்க் குத்தி அளவு.
அது செத்தால் போட் எல்லாவற்றையும் மறக்கிறது,
மறக்கட்டும்.
மறந்துவிட்டு அது போய் நிற்கிற நாள்
இரண்டாயிரத்து ஒன்பது, தை முதலாம் திகதி,
நடுச்சாமம்.

உங்களுக்கு அது போட் செய்த வருசம்.
ஏதோ ஒரு எண் போடவேண்டி இருந்திருக்கும்.
எனக்கு அந்தச் சாமம்
தருமபுரத்து ரோட்டில், உழவு மெசின் பெட்டிக்குள்.
தார்ப்பாயின் நுனியைப் பிடித்தபடி தம்பி வாகீசன்
நேரமென்ன, நேரமென்ன என்று கேட்டுக்கொண்டே வந்தான்.
என் கையில் மணிக்கூடு இருந்தது.
நித்திரை கொள்ளட்டும் என்று
சொல்லாமல் விட்டேன்.

என்னை விடுங்கோ.
நேற்று அருந்தவம் அக்கா வந்தா,
புருசனின் இறப்புப் பதிவுக்கு விண்ணப்பம் அடிக்க.
இத்தனை வருசம் அடிக்காமல் இருந்தவ.
விண்ணப்பத்தைத் திறந்தேன்,
இன்றைய திகதி என்ற கட்டத்தில்
கொம்பியூட்டர் தானாகவே எழுதியது,
தை ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
அவ திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தா.
"இல்லைப் பிள்ளை,
அண்டைக்கு அவர் இருந்தவர்."

நான் மவுசைப் பிடித்தபடி இருந்தேன்.
ஆலை ஓடிக்கொண்டிருந்தது.

ஆனபடியால் கேட்கிறேன்.
கரண்ட் வரும்போது தானே ஊறுகிற பட்டறி
செய்யேலுமென்றால் செய்யுங்கோ.
ஏலாதென்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கோ.
மறந்துபோன பெட்டி
முன்னால் இருக்கிற ஆளிடம் கேட்கட்டும்,
இண்டைக்கு என்ன நாள் என்று.
நாங்கள் சொல்லுவோம்.

இதைக் கொப்பியில்தான் எழுதுகிறேன்.
திரை இரண்டுதரம் அணைந்து வந்துவிட்டது,
நீலத்தில் அதே வரி,
தொடர எஃப் ஒன்றை அழுத்தவும்.
அழுத்துகிறேன்.
அந்தக் கட்டையில் எழுத்து அழிந்து கனகாலம்.
கீபோட்டைப் பற்றியும் இருக்கிறது,
அதைப் பிறகு எழுதுகிறேன்.