கணுக்காலைப் பிடிப்பவள்

தரணிகா மண்டியிடுகிறாள்.
பின்னால் நான், அவள் கணுக்கால் இரண்டையும்
மண்ணோடு சேர்த்து அழுத்திக்கொண்டு.
விழ வேண்டும். ஆனால் வெசையாக விழக்கூடாது.
பயிற்சி அவ்வளவுதான்.
முட்டியிலிருந்து உச்சிவரை ஒரே பலகையாகச் சாய்கிறாள்.
தொடையின் பின்சதை
இழுத்துப் பிடித்த எலாஸ்டிக்காய் விறைத்து,
பாதி வழியில் நடுங்கி,
அப்புறம் பொத்தென்று உள்ளங்கைகள் தரையில்.
"ஆறு," என்கிறேன்.
"அஞ்சுதானுங்க்கா."

ரைட் பேக் இடம் ஒன்று.
அதற்கு நாங்கள் இருவர்.

பெருமாநல்லூர் போகும் வழியில் பள்ளி மைதானம்.
சுக்காங்கல் தரை. புல் என்பது
கார்னர் கொடியருகே ஒரு பிடி.
ஆடிக்காற்று கோல் வலையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது.
ஏழேகாலுக்குக் கம்பெனி வேன்.
செக்கிங்கில் நான்கு பேர், ஓவர்லாக்கில் மூவர்,
மிச்சம் காலேஜ் போகிறவர்கள்.
கிடைப்பது ஒரு மணி நேரம்.
அதில் இருபது நிமிஷத்தை
இந்தக் குதியலுக்கும் குந்தலுக்கும் கொடுத்தபோது
எல்லோருக்கும் கடுப்பு.
"பந்தைத் தொட்டு ரெண்டு நாளாச்சு" என்று
ஜெசிமா கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

தையில் மௌனிகா விழுந்தபோது
பக்கத்தில் யாருமே இல்லை.
அதைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை.
உயரப் பந்து. தலையால் முட்டினாள், இறங்கினாள்.
வலது முட்டி மட்டும் உள்பக்கமாக
வேறெங்கோ போகப் பார்த்தது.
புளியங்கொட்டை உடைகிற சத்தம்.
எதிரணிப் பெண்தான் முதலில் அலறினாள்.
பிறகு ஸ்கேன், ஏசிஎல் என்று ஒரு சொல்,
கம்பெனியில் அட்வான்ஸ்,
அவள் அண்ணன் வண்டியை விற்றது.

துணி செக்கிங்கில் இருப்பவள் நான்.
ஓட்டை விழுந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை.
விழாமல் போன ஓட்டைக்கு
எந்தக் கம்பெனியிலும் ஸ்டிக்கர் கிடையாது.

இப்போது மௌனிகா நாற்காலியில்,
எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.
மரப்பெட்டி மேலிருந்து நாங்கள் குதிக்கக் குதிக்க
காதால் பார்க்கிறாள்.
"மூணாவது ஆள் சத்தம் போட்டுட்டா. மறுக்கா."
"குதிகால் முந்துது. மறுக்கா."
நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் வீட்டுக்குள்
நுழைகிற மாதிரி இறங்கணும், என்பாள்.

தாராபுரத்தில் மேட்ச்.
தரணிகா உள்ளே, நான் பெஞ்சில், கையில் தண்ணீர் பாட்டில்.
எழுபதாவது நிமிஷம் இருக்கும்.
எம்பினாள். இடித்தார்கள்.
காற்றிலேயே அரைச்சுற்று திரும்பி
ஒற்றைக்காலில் வந்தாள் கீழே.
மௌனிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முட்டி மடங்கியது, பாதத்துக்கு நேராக.
ஒரு நொடி அங்கேயே நின்றது.
அவ்வளவுதான், பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.
யாரும் கைதட்டவில்லை.
கைதட்ட என்ன இருக்கிறது?
ஒன்றும் நடக்கவில்லை.
என் மணிக்கட்டில் மட்டும் நகத்தடம் நாலு.
ஒன்றுக்கு இரண்டில் தோற்றோம், அது வேறு கதை.

வேனில் திரும்பும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
அன்றைக்கு ஆறு என்றது வாய்தவறி அல்ல.
உனக்கு ஒன்று குறைந்தால் குறையட்டும் என்றுதான்.
குண்டடம் வந்தது, போனது.
அவள் என் தோளில் தூங்கியிருந்தாள்,
எச்சில் ஒழுக.

இன்று காலை மண்டியிடுவது நான்.
கணுக்காலில் அவள் கை,
ஓவர்லாக் மெஷினில் காய்த்த விரல்கள்.
சாய்கிறேன்.
சுக்காங்கல் ஒவ்வொன்றாகப் பெரிதாகி வருகிறது.
பிடி தளரவில்லை.
தொடைக்குப் பின்னால் தீ.
பொத்.

"ஒண்ணு," என்கிறேன் நானே.
"இது கணக்குல வராதுங்க்கா. வெசையா விழுந்துட்டீங்.
மறுக்கா."